தம்பி வீட்டு மீன்குஞ்சுகள்

ஸ்ரீ துர்கை துணை

ஷாந்திதலா, வடக்கு அந்தமான்
10 ஜூன் 2012

அன்புள்ள ரேபாவுக்கு,

உன் நாத்தனார் பாருல் தீதி எழுதுவது. இங்கே நானும் இவரும் தபனும் சுகம். அங்கே நீயும் என் தம்பி நிதாயும் சுகமா? அவனுக்கு இழுப்பு குறைந்திருக்கிறதா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மற்றதைப் படி. போன வாரம் முதல் மழை விழுந்த அன்று, தவளை கத்தியதைக் கேட்டு நான் குளக்கரையில் நின்று குலவை போட்டேன்.

கல்யாணமாகி வங்காளத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. இங்கே தவளை என்றால் கட்டைவிரல் அளவுதான். கிடிக் கிடிக் என்று பல் கடிக்கிற மாதிரி சத்தம் போடும், அவ்வளவுதான். அன்றைக்குக் குளத்திலிருந்து "ஓங், ஓங்" என்று ஒரு குரல். நைஹாட்டியில் அப்பா வீட்டுக்குப் பின்னால் கேட்குமே, அதே குரல்! எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. ஈரப் புடவையோடு ஓடிப்போய் மூன்று தடவை குலவை போட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இவர் திண்டாடிப்போய், "என்னடி, தவளைக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்.

கிட்டப் போய்ப் பார்த்தால் அதுவும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் பூசினது போல, கன்னத்தில் இரண்டு நீலப் பை, சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒன்று இல்லை, குளம் முழுக்க.

அந்த ஊர்த் தவளை இந்த ஊருக்கு எப்படி வந்தது? போன வருஷ மழையில் நிதாய் தன் கடையிலிருந்து கப்பலில் அனுப்பின ஆற்று ரோகு மீன்குஞ்சுப் பைகள் தவிர அங்கிருந்து எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அதில் பாதியை என் குளத்தில் விட்டுக்கொண்டு மீதியை ஊருக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாகப் பங்கு வைத்தேன். "என் தம்பி அனுப்பினது" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது உனக்கே தெரியும்.

டிசம்பரில் என் பிள்ளை தபனுக்குக் கல்யாணம். ஓடைக்கு அந்தப் பக்கம் வாத்து வளர்க்கும் போலாநாத் மண்டலின் மகள் ஷெஃபாலிதான் பெண். மஞ்சள் பூசும் அன்று சீர்த்தட்டோடு பெரிய ரோகு ஒன்றைப் புடவை கட்டி, மூக்குத்தி போட்டு, வாயில் வெற்றிலை வைத்து அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் இந்த மீனையே வளர்த்தது. இப்போது பார்த்தால் என் குளத்தில் மீனைவிடத் தவளை பெரிதாக இருக்கிறது.

நிதாயிடம் கேட்டுச் சொல். மீனுக்கு நடுவில் தவளையை வைத்து அனுப்பினானா, தவளைக்கு நடுவில் மீனை வைத்து அனுப்பினானா?

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம்.
பாருல் தீதி


ஸ்ரீ துர்கை துணை

நைஹாட்டி
30 ஜூன் 2012

மதிப்புக்குரிய தீதிக்கு,

ரேபாவின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் நலம். உங்கள் தம்பிக்கு இழுப்பு இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறார்.

இங்கே இன்னும் சரியாக மழை இல்லை. ஹில்சா மீன் வந்துவிட்டது, ஆனால் விலையைக் கேட்டால் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். பக்கத்து வீட்டில் மருமகள் வந்திருக்கிறாள். தபன் கல்யாணத்துக்கு என்ன புடவை எடுக்கட்டும் என்று எழுதுங்கள்.

தவளை என்றால் மழைக்கு வரும், வெயிலுக்குப் போய்விடும். அங்கேயும் முன்பே இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் ரேபா


ஸ்ரீ துர்கை துணை

ஷாந்திதலா
15 ஜூலை 2012

ரேபாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருங்கள்.

நான் கவனித்திருக்கமாட்டேனா? முப்பது வருஷம் இந்தக் குளத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். தட்டு அகலத் தவளையைத் தட்டு என்று நினைத்துக் கழுவி அடுக்கியிருப்பேனா?

நேற்று போலாநாத் சம்பந்தி வந்தார். பையிலிருந்து ஒரு தவளையை எடுத்துத் தரையில் போட்டார், செத்தது. அதன் வாயில் இரண்டு சின்னக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வாத்துக்குஞ்சின் கால்கள், ரேபா. சவ்வு விரித்தபடி.

"இந்த மாசம் பொரிச்சதுல பாதி போச்சு, சம்பந்தியம்மா. தண்ணில இறங்கினா திரும்பி வரதில்ல. நான் பாம்புன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் கம்பு வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசில பாத்தா இந்தச் சனியன்!"

"ஐயோ பாவமே," என்றேன்.

"எவன் கொண்டுவந்து விட்டான்னு தெரியட்டும். அவன் வீட்டு வாசல்ல ஒரு வாய்த் தண்ணி குடிக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு என் வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீ குடித்தார். நான்தான் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கூடப் போட்டேன்.

குளத்தில் வலை வீசிப் பார்த்தோம். விட்டதில் பத்தில் ஒரு பங்கு ரோகு இருக்கிறது. இங்கத்துச் சின்னத் தவளைகள் இந்த மழையில் வாயே திறக்கவில்லை. தலைப்பிரட்டையிலேயே அதுகளை இது தின்றுவிடுகிறதாம். மீன்வளத்துறை ஆபீசிலிருந்து ஒரு பையன் கேமராவோடு வந்து சொன்னான். சொல்லிவிட்டு, "ரொம்ப அழகான இனம்மா இது," என்று படம் எடுத்தான். துடைப்பத்தைத் தேடினேன், அதற்குள் பைக்கில் ஏறிவிட்டான்.

போனில் பேசலாம் என்றால் டவர் மழைக்குப் படுத்துவிட்டது. பரவாயில்லை, போனில் திட்டினால் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு. தபால் உறையில் வயிறு நிறையத் திட்டலாம். நிதாய்க்குக் கை இருக்கிறதா இல்லையா? பையைக் கட்டும்போது வால் வைத்த கறுப்பு உருண்டைகளை அவன் பார்த்தானா, பார்க்கவில்லையா? ஒரு வரி எழுதச் சொல். அவனைத்தான் கேட்கிறேன், உன்னை இல்லை.

பாருல் தீதி


ஸ்ரீ துர்கை துணை

நைஹாட்டி
20 ஆகஸ்ட் 2012

மதிப்புக்குரிய தீதிக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். இங்கே ஆற்றில் வெள்ளம், மீன்குஞ்சுச் சந்தை முழங்கால் தண்ணீரில் நடக்கிறது. எனக்கு இரண்டு கை விரலிடுக்கிலும் சேற்றுப்புண். வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். எங்கள் பையிலிருந்து வந்திருக்காது என்கிறார். உங்களுக்குக் கோபம் வந்தால் அவரைத் திட்டுங்கள். அக்கா திட்டினால் தம்பிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

குளக்கரையைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் தூவினால் தவளை வராது என்று இங்கே சொல்கிறார்கள். செய்து பாருங்கள்.

தபனுக்கு என் அன்பு.
உங்கள் ரேபா


ஸ்ரீ துர்கை துணை

ஷாந்திதலா
6 செப்டம்பர் 2012

ரேபாவுக்கு,

சுகம் கேட்க மனசு வரவில்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். கை எப்படி இருக்கிறது?

உன் யோசனைப்படி பிளீச்சிங் பவுடர் தூவினோம். மறுநாள் மழை பெய்து அத்தனையும் குளத்துக்குள் போனது. மிச்சமிருந்த ரோகுவெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. தவளைகள் சாகவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் குளத்துக்குக் குடிபோய்விட்டன. அந்த வீட்டுக்காரி இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஆக, தபன் கல்யாணத்துக்கு மீன் இல்லை. சுற்றிலும் கடல். காலையில் தோணி கரையேறினால் ஆள் உயரத்துக்கு மீன் கிடக்கிறது. அதை யார் சீர்த்தட்டில் வைப்பார்கள்? கடல் மீனுக்குப் புடவை கட்டி அனுப்பினால் பெண் வீட்டில் அதைத் திருப்பி நம் மேலேயே வீசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை துர்கா பூஜைக்கு வசூல் பேச ஊர் கூடியது. பூஜையை விட்டுவிட்டுத் தவளையைத்தான் பேசினார்கள். சுனாமியில் அடித்துக்கொண்டு வந்ததாம். அதை ஆரம்பித்து வைத்ததே போலாநாத் சம்பந்திதான். "சுனாமி என்னத்தத்தான் கொண்டு வரல?" என்று கையை விரித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். எட்டு வருஷமாகத் தவளை கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததா என்று ஒரு மனுஷனும் கேட்கவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை, ரேபா. நான்! கூட்டத்தில் எனக்குப் பேச வராமல் போனது என் ஆயுசில் அன்றைக்குத்தான். உண்மையைச் சொன்னால் என் மகன் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதெல்லாம் நிதாயால். அவன் அங்கே மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு ஒரு தம்பிதான். அவனும் இப்படி வாய் இல்லாத ஜென்மமாகப் போய்விட்டானே!

பாருல்


ஸ்ரீ துர்கை துணை

ஷாந்திதலா
24 செப்டம்பர் 2012

ரேபாவுக்கு,

உன் பதில் வரவில்லை. வருகிறவரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

போலாநாத்துக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கோள் சொல்லவில்லை, நான் போட்ட குலவைதான் சொல்லிவிட்டது. முதலில் எந்தக் குளத்தில் கத்தியது என்று பெண்கள் பேச்செடுத்திருக்கிறார்கள். "பாருல் அக்கா குலவை போட்டாங்களே, அன்னிக்கு" என்று ஒருத்தி சிரித்திருக்கிறாள். அவர் நேராக இங்கே வந்தார். தண்ணீர் கொடுத்தேன். சொம்பைத் தொடவில்லை.

"உங்க தம்பி மீன்தானே?"

"ஆமா."

"என் வீட்டு வாசல்ல சீர்த்தட்டு வரணும்னா, உங்க தம்பி முதல்ல வரணும். ஊர் முன்னால நின்னு சொல்லணும். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம்."

தபன் இரண்டு நாளாக வீட்டில் சாப்பிடவில்லை. ஷெஃபாலி ஓடைக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிறாள், இவன் இந்தப் பக்கம் தோணிக்குச் சாயம் பூசுகிறான். சாயம் பூசிய தோணிக்கே மறுபடி சாயம் பூசுகிறான்.

அடுத்த கப்பலில் நிதாயை ஏற்றி அனுப்பு. இழுப்பு, இருமல், சந்தை என்று எந்தச் சாக்கும் வேண்டாம். வராவிட்டால் எனக்குத் தம்பியே இல்லை.

பாருல்


ஸ்ரீ துர்கை துணை

நைஹாட்டி
5 அக்டோபர் 2012

மதிப்புக்குரிய தீதிக்கு,

வணக்கம். நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உங்கள் தம்பி ஒன்பதாம் தேதிக் கப்பலில் வருகிறார். மருந்து பையின் ஓரத்தில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் குளிக்க விடாதீர்கள்.

அவரை ரொம்பத் திட்டாதீர்கள்.

ரேபா


ஸ்ரீ துர்கை துணை

ஷாந்திதலா
18 அக்டோபர் 2012

ரேபாவுக்கு,

நிதாய் வந்து சேர்ந்தான். கப்பலில் நான்கு நாளும் வாந்தியாம். சுகமாக இருக்கிறான். வெந்நீரில்தான் குளிக்கிறான்.

ஆகஸ்டில் திட்டுங்கள் என்று எழுதினாய். அக்டோபரில் திட்டாதீர்கள் என்று எழுதினாய். அது ஏன் என்று நேற்றுத்தான் புரிந்தது.

பூஜைப் பந்தலுக்கு முன்னால் ஊர் கூடியது. நிதாய் கைகட்டி நின்று, "நான்தான் அனுப்பினேன். நான்தான் கட்டினேன். கவனிக்கல. தப்பு என்னோடது," என்றான். சரி, ஆண்பிள்ளையாக ஒத்துக்கொண்டான் என்று எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

போலாநாத் விடவில்லை. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு வந்து முன்னால் வைத்தார். அதில் கொஞ்சம் மீன்குஞ்சு, கொஞ்சம் தலைப்பிரட்டை.

"இதுல எது மீனு, எது தவளை? பிரிச்சுக் காட்டுங்க. நீங்கதானே வியாபாரி."

உன் புருஷன் குனிந்து பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். விரலை விட்டு ஒன்றை எடுத்து, "இது ரோகு," என்றான். தலைப்பிரட்டை! எங்கள் ஊர்க் குழந்தைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. பிளாஸ்டிக் பையைக் கொடுத்துக் காற்றடைத்துக் கட்டச் சொன்னார்கள். பூணூல் போடுகிற மாதிரி எதையோ சுற்றினான். தண்ணீர் முழுக்க அவன் வேட்டியில்.

"இவரு பொய் சொல்றாரு," என்றார் போலாநாத். "இந்தக் கை மீன்குஞ்சு கட்டின கை இல்ல. யாரைக் காப்பாத்தறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

சேற்றுப்புண் யார் கையில் வந்தது, ரேபா? சந்தையில் விடிகாலையில் தண்ணீரில் நிற்பது யார்? நாலு மாசமாக நான் என் தம்பியை நாய் பேய் என்று எழுதுகிறேன். நீ அதையெல்லாம் படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, புடவை என்ன நிறத்தில் எடுக்கட்டும் என்று கேட்டு எழுதுகிறாய். நெஞ்சழுத்தக்காரி! எழுது. இப்போது நீ எழுது.

பாருல்


ஸ்ரீ துர்கை துணை

நைஹாட்டி
2 நவம்பர் 2012

மதிப்புக்குரிய தீதிக்கு,

விஜயதசமி வணக்கம். உங்கள் காலைத் தொட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் நலமாக இல்லை.

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

இழுப்பு வந்த நாள் முதல் உங்கள் தம்பி தண்ணீரில் இறங்குவதில்லை. ஆறு வருஷம் ஆகிறது. குஞ்சு எடுப்பது, பிரிப்பது, காற்றடைத்துக் கட்டுவது எல்லாம் நான். கடையில் அவர் உட்கார்ந்திருப்பார், பெயர்ப்பலகையில் அவர் பெயர். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். அக்காவுக்கு முன்னால் ஆண்பிள்ளை என்ற மரியாதை போய்விடுமாம். சரி என்றேன்.

உங்கள் பைகளையும் நான்தான் கட்டினேன். கடைசிப் பையைக் கட்டினபோது உள்ளே கறுப்பாக உருண்டு போவதைப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். வெளியே துறைமுகத்துக்குப் போகிற வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவிழ்த்தால் காற்று போகும், வண்டி போகும், கப்பல் போகும். நாலு தவளை என்ன செய்துவிடும் என்று முடிச்சை இறுக்கினேன். இங்கே தவளை ஒன்றும் செய்வதில்லையே, தீதி. பாம்பு தின்னும், கொக்கு தின்னும், மிச்சம் சத்தம் போடும். அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்கிறேன். மீன் நன்றாக வளர்ந்தபோது ஊரெல்லாம் "என் தம்பி அனுப்பினது" என்றீர்கள். அதைப் பெருமையாக எழுதி நீங்கள் போட்ட கடிதத்தை அவர் கடையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினார். நான் பக்கத்தில் ஈரக்கையோடு நின்றேன். புகழ் அவருக்கு என்றால் பழியும் அவரோடே இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அதில் என்ன தப்பு?

இன்னொன்று. உங்களைச் சுற்றிக் கடல். ஆள் உயரத்துக்கு மீன் கிடக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஆனாலும் வாய்க்கு ஆற்று மீன்தான் வேண்டும், அதுவும் இங்கிருந்து நாலு நாள் கப்பலில் வர வேண்டும். முப்பது வருஷமாக ஒரு ஊரில் இருந்துகொண்டு அந்த ஊர் மீன் நாறுகிறது என்பவர்களுக்கு நான் தவளை அனுப்பாமல் வேறு என்ன அனுப்ப?

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

ரேபா


ஸ்ரீ துர்கை துணை

ஷாந்திதலா
26 நவம்பர் 2012

அன்புள்ள ரேபாவுக்கு,

ஆசீர்வாதம். நிதாய் சுகம். நீ சுகமாக இல்லை என்று எழுதியிருந்தாய். அது எனக்கு நாலு நாள் குத்திக்கொண்டே இருந்தது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் கிழிக்கத்தான் போனேன். அப்புறம் இவரிடம், "பாருங்க, எவ்வளவு திமிர்!" என்று காட்டினேன். இவர் வருஷத்துக்கு இரண்டு வார்த்தை பேசுகிற மனுஷன். "சரியாத்தானே எழுதியிருக்கா," என்றார். இந்த வருஷத்துக்கு அவர் கணக்கு முடிந்தது.

நேராக நிதாயை இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனேன். போலாநாத் குளத்தங்கரையில் மூங்கில் வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, பையைக் கட்டினது என் தம்பி பெண்டாட்டி ரேபா. அவ பாத்துட்டுத்தான் கட்டினா. அதை ஊரெல்லாம் பங்கு வச்சது நானு. இவன் கடையில உக்காந்து டீ குடிச்சான். யாரைத் திட்டணுமோ திட்டுங்க. கல்யாணத்தை நிறுத்தணும்னா நிறுத்துங்க. இனிமே மறைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் ஆரம்பித்தார் பார்! உன்னை, என்னை, நைஹாட்டியை, கப்பலை, ஒன்றையும் விடவில்லை. நான் தலைகுனிந்து நின்றேன். அப்போது ஷெஃபாலி வாத்துத் தீவனக் கூடையோடு வந்து நின்றாள்.

"அப்பா, நம்ம குளத்துல விட்டது யாரு?"

"நீ உள்ள போ."

"அவங்க ஒரு கிண்ணம் குடுத்தாங்க. இன்னும் ஒரு கிண்ணம் வேணும், நைஹாட்டி ரோகுன்னா சும்மாவான்னு கேட்டு வாங்கினது நீங்கதானே? ரெண்டாவது கிண்ணத்துல கறுப்பா என்னமோ ஓடுதுன்னு நான் சொன்னேன். விரால் குஞ்சா இருக்கும், லாபம்தான்னு சொல்லல?"

மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும். என் வீட்டுக்கு வந்தபின் இதே வாயை என்னிடம் காட்டினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவள் அப்பா ஒரு மூங்கிலை எடுத்து வேலியில் செருகினார். அப்புறம் போலாநாத் சொன்னார்: கல்யாணம் குறித்த நாளில் நடக்கும். ஆனால் இனி இந்த ஊருக்குள் அங்கிருந்து ஒரு மீன்குஞ்சு வரக்கூடாது. சீர்த்தட்டில் கடல் மீன்தான் வர வேண்டும். தபன் சூரை பிடித்து வருகிறேன் என்றிருக்கிறான். சூரைக்கு இடுப்பு இல்லை, புடவை எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ வந்தால் நீதான் கட்டிவிட வேண்டும். முடிச்சுப் போடுவதில் நீ கெட்டிக்காரி ஆயிற்றே.

தவளை போகாது, ரேபா. வந்தது வந்ததுதான். தினமும் பொழுது சாய்ந்ததும் ஊரே வலையோடு இறங்குகிறது. ராஞ்சியிலிருந்து வந்து குடியேறினவர்கள் வாங்கிக்கொண்டு போய் மசாலா போட்டுத் தின்கிறார்கள். தின்னத் தின்ன வருகிறது. அந்தச் சின்னத் தவளைகளின் கிடிக் கிடிக் சத்தத்துக்காகக் காது தீட்டிப் பார்க்கிறேன். இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு யாரையாவது அடிக்கத் தோன்றுகிறது. யாரை என்று தெரியவில்லை. வரிசையில் முதலில் நான்தான் நிற்கிறேன்.

மீன் வளர்ந்தபோது உன் பெயரைச் சொல்லாமல் போனேன். அந்தக் குறையை இப்போது தீர்த்துவிட்டேன். யார் கேட்டாலும் "ரேபா அனுப்பினது" என்றுதான் சொல்கிறேன். குழந்தைகள் அந்தத் தவளைக்கே ரேபா என்று பெயர் வைத்துவிட்டன. கோபப்படாதே, கேட்டது நீதான்.

கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டுத் தந்தி மாதிரி ஒரு வரி எழுது. மஞ்சள் புடவை வேண்டாம், வேறு எந்த நிறமானாலும் சரி.

உன் பாருல் தீதி

பி.கு. ஒன்று விட்டுப்போயிற்று. போலாநாத் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நைஹாட்டி என்று அழுத்திச் சொன்ன இடத்தில் அவருடைய மேல் பல்செட் குளத்தில் விழுந்துவிட்டது. நிதாய் இறங்கித் தேடினான். தண்ணீரை இறைத்தும் பார்த்தோம். கிடைக்கவில்லை. கல்யாணப் பந்தியில் அவருக்கு மட்டும் பூசணிக்காயைக் குழைய வேகவைக்கச் சொல்லியிருக்கிறது.